ஒன்பது தண்ணீர்த் தொட்டிகள்: தொழிற்சாலைப் படம் எப்படிக் கலையாகிறது?

ஒரு வெள்ளைச் சுவர். அதில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்று ஒன்பது கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்பதிலும் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு தொட்டியும் ஃபிரேமின் நட்டநடுவில் நிற்கிறது, பின்னால் ஒன்றுமே இல்லாத வெளிறிய வானம், நிழல் இல்லை, ஆள் இல்லை, ஒரு காக்கை கூட இல்லை. முதல் தடவை பார்க்கிற யாருக்கும் "இதில் என்ன இருக்கிறது, இதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே" என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவசரப்படாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாக ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஆரம்பிக்கும். இதற்குக் கால் மெலிசு, அதற்குத் தடிமன். இந்தத் தொட்டி பந்து மாதிரி, அது மூடி போட்ட அண்டா மாதிரி. இதன் தலையில் ஒரு சின்னக் கூம்பு இருக்கிறது, பக்கத்திலிருப்பதற்கு ஏன் இல்லை? இந்தக் கேள்வி வந்த இடத்தில்தான் படம் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது.

இந்தப் படங்களை எடுத்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்ற தம்பதி. 1959-ல் சேர்ந்து எடுக்கத் தொடங்கி, 2007-ல் பெர்ண்ட் இறக்கும்வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இதையே செய்தார்கள். தண்ணீர்த் தொட்டி, கேஸ் தொட்டி, சுரங்கத்தின் தூக்குக் கோபுரம், இரும்புத்தாதை உருக்கும் ஊது உலை, குளிர்விப்புக் கோபுரம், தானியக் குதிர், சுண்ணாம்புக் காளவாய். பழைய தொழிற்சாலைகளையும் கட்டடங்களையும் கலையாகப் படம் எடுப்பது என்றால் என்ன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கும்போது நான் எப்போதும் இவர்களிடமிருந்துதான் தொடங்குவேன். இவர்களுடைய முறை அவ்வளவு வெளிப்படையானது. எதையும் மறைத்து வைக்காத முறை.

அதற்கு முன்னால் 'ஃபைன் ஆர்ட்' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், நிறையப் பேர் அங்கேயே தடுமாறுகிறார்கள். ஒரு தொழிற்சாலையை அதன் முதலாளி தன் கேட்லாக்குக்காக எடுக்கச் சொன்னால் அது விளம்பரப் படம். பொறியாளர் தூணில் விழுந்த விரிசலைக் காட்ட எடுத்தால் அது பதிவு. விபத்து நடந்த மறுநாள் பத்திரிகைக்காரர் எடுத்தால் செய்தி. யாரும் கேட்காமல், தன் மனதில் இருக்கிற ஒரு கேள்விக்காக, அந்தக் கேள்விக்கு ஏற்ற முறையைத் தானே வகுத்துக்கொண்டு ஒருவர் எடுத்தால், அதைக் கலை என்ற வரிசையில் வைக்கிறார்கள். இந்த வேலிகள் ஒன்றும் பலமானவை அல்ல. 1927-ல் சார்ல்ஸ் ஷீலர் என்ற புகைப்படக்காரர் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியின் ரிவர் ரூஜ் ஆலைக்குப் போனது விளம்பர வேலைக்காகத்தான். ஆறு வாரம் தங்கி 32 படங்களை முடித்தார். அவற்றில் இரண்டு கன்வேயர்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே வெட்டிப் போகும் படம் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கிறது.

அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் படங்களில் பெரும்பாலானவை பிரமிப்பை நோக்கிப் போனவை. மார்கரெட் போர்க்-ஒயிட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் அதே சமயத்தில் கிளீவ்லாந்தில் ஓட்டிஸ் உருக்காலைக்குள் போனார். உருகிய இரும்பு கொப்பரையிலிருந்து ஊற்றும்போது கண்ணைக் கூச வைக்கிற வெளிச்சம் இருக்கிறது, ஆனால் ஃபிலிமில் ஒன்றும் விழவில்லை. அன்றைய ஃபிலிம் நீல ஒளியைப் பிடிக்கும், சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு இருட்டு மாதிரி. கடைசியில் மக்னீசியம் தீவட்டிகளைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் எடுத்தார். அவர் படங்களில் இருட்டும் பொறியும் புகையுமாக ஆலை ஒரு நாடக மேடை மாதிரி இருக்கும். எனக்கு அவை மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரு விஷயம்: அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உலை எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னால் உங்களால் முடியாது. வெளிச்சம்தான் நினைவில் நிற்கும்.

பெஹர் தம்பதி இதற்கு நேரெதிராகப் போனார்கள். அது திட்டம் போட்டு வந்த யோசனை என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு நடைமுறைச் சிக்கலிலிருந்து வந்தது. பெர்ண்ட் 1931-ல் சீகன் என்ற ஊரில் பிறந்தவர். இரும்புத்தாதுச் சுரங்கமும் உலைகளுமாக இருந்த பகுதி அது, அவர் குடும்பத்திலேயே அந்த வேலை பார்த்தவர்கள் உண்டு. அவர் படித்தது ஓவியம். சிறு வயதிலிருந்து பார்த்த சுரங்கக் கட்டடங்களை வரைய வேண்டும் என்று ஆசை, பென்சிலும் தாளுமாகப் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஆணியையும் விடாமல் வரைகிற ஆள். அவர் வரைந்து முடிப்பதற்குள் அங்கே கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் படம் தாளில் இருக்கிறது, மீதிக் கட்டடம் தரையில் கிடக்கிறது. வேறு வழியில்லாமல், வரைவதற்குக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கேமராவை எடுத்தார். இது 1957 வாக்கில். அப்புறம் குறிப்பே வேலையாகிவிட்டது.

ஹில்லா போட்ஸ்டமில் 1934-ல் பிறந்தவர். பதின்வயதிலேயே ஒரு ஸ்டூடியோவில் தொழில் பழகினார், அந்த ஊர் அரண்மனைகளையும் சிலைகளையும் எடுக்கிற ஸ்டூடியோ. கண்ணாடி மாதிரி தெளிவான நெகட்டிவ், சரியான சாம்பல் படிகள், கோணாத கோடு, இதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். இருவரும் டுசல்டோர்ஃப் நகரத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சந்தித்தார்கள், 1961-ல் திருமணம். நிறைய எழுத்துகளில் பெர்ண்டின் பெயர் முன்னால் வருகிறது, ஹில்லா உதவியாளர் மாதிரி பின்னால் வருகிறார். அது தப்பு. பெர்ண்டிடம் இருந்தது பற்று. அந்தப் பற்றை இப்படிப்பட்ட படமாக மாற்றத் தெரிந்த கை ஹில்லாவுடையது.

1958 வாக்கில் ஜெர்மனியின் சுரங்கப் பகுதியான ரூரில் நிலக்கரி நெருக்கடி தொடங்கியது. வெளியிலிருந்து மலிவான எண்ணெயும் மலிவான கரியும் வந்தன, ஆழத்திலிருந்து தோண்டி எடுக்கிற உள்ளூர்க் கரிக்கு விலை போகவில்லை, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மூடிய கையோடு இடிப்பு. அதனால் இவர்களுக்கு எப்போதும் நேரத்தோடு ஓட்டம்தான். தங்கள் சின்னப் பையனை ஏற்றிக்கொண்டு ஃபோக்ஸ்வாகன் வேனில் ஜெர்மனி, பெல்ஜியம், லக்சம்பர்க், வட பிரான்ஸ், வேல்ஸ், பிறகு அமெரிக்கா என்று சுற்றினார்கள்.

சரி, முறைக்கு வருவோம். இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி, நிதானமாகப் போகலாம்.

முதல் விஷயம் வானம். மப்பும் மந்தாரமுமாக இருக்கிற நாளில்தான் எடுப்பார்கள். வெயில் அடித்தால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் கறுப்பாகவும் போய்விடும், ஒரு குழாயின் நிழல் இன்னொரு குழாயின் மேல் விழுந்து, எது குழாய் எது நிழல் என்று தெரியாது. அதோடு, வெயில் என்பது ஒரு நேரத்தைச் சொல்லிவிடும். காலை ஏழரை மணி, சாயங்காலம் ஐந்து மணி என்று படத்துக்கு ஒரு மனநிலை வந்துவிடும். மேகம் முழுக்க மூடிய வானம் ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி, எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவு வெளிச்சத்தைக் கொடுக்கும். பின்னணியும் வெறுமையாகிவிடும். தொட்டியை வெட்டி எடுத்து ஒரு தாளில் ஒட்டியது போல இருக்கும். இலை உதிர்ந்த காலத்தில் எடுத்தால் இன்னும் வசதி, மரங்கள் கட்டடத்தை மறைக்காது.

இரண்டாவது, உயரம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நாம் தரையில் நின்று ஓர் உயரமான கட்டடத்தை எடுக்கும்போது கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கிறோம். சாய்த்த உடனே கட்டடத்தின் இரண்டு பக்கக் கோடுகளும் மேலே போகப்போக ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கும், கட்டடம் பின்னால் மல்லாந்து விழுவது போல இருக்கும். பெரிய கோபுரம் என்ற பயம் கலந்த உணர்வு அதனால்தான் வருகிறது. பெஹர் தம்பதிக்கு அந்த உணர்வு வேண்டாம். பக்கத்துக் கட்டடத்தின் மாடி, ஏணி, சாரம், எதிரே ஒரு மண்மேடு, எது கிடைக்கிறதோ அதில் ஏறி, எடுக்கிற பொருளின் பாதி உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து பார்த்தால் கட்டடம் நம்மைக் குனிந்து பார்ப்பதில்லை, நாமும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஒரு மேசையின் மேல் வைத்த பாத்திரத்தைப் பார்ப்பது போல நேருக்கு நேர்.

மூன்றாவது கேமரா. தோளில் மாட்டுகிற சின்னக் கேமரா இல்லை. முக்காலியில் நிறுத்தி, தலைக்கு மேல் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு பார்க்கிற பெரிய கேமரா, 13×18 சென்டிமீட்டர் நெகட்டிவ். உள்ளங்கையை விடப் பெரிய நெகட்டிவ் என்பதால் அச்சிட்டால் ஒவ்வொரு திருகாணியும் தெரியும். இந்த வகைக் கேமராவுக்கு இன்னொரு வசதி உண்டு: ஃபிலிமைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மேலே உயர்த்தலாம். கேமராவைச் சாய்க்காமலேயே கட்டடத்தின் உச்சி ஃபிரேமுக்குள் வந்துவிடும், பக்கக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கும். இன்றைய ஷிஃப்ட் லென்ஸ் செய்வதும் இதே வேலைதான். வேகம் குறைந்த ஃபிலிம், லென்ஸில் சிறிய துவாரம், சில நொடிகள் திறந்திருக்கும் ஷட்டர். முன்னிருந்து பின்வரை எல்லாமே தெளிவாக விழும்.

நான்காவது, ஃபிரேமுக்குள் அளவு. நிஜத்தில் ஒரு தொட்டி 20 மீட்டரும் இன்னொன்று 40 மீட்டரும் இருக்கலாம். படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். ஒரு மனிதரையோ காரையோ பக்கத்தில் நிறுத்தி "பாருங்கள், எவ்வளவு பெரிது" என்று காட்டுகிற வேலை கிடையாது.

இப்போது இவை நான்கையும் சேர்த்துப் பாருங்கள். வெளிச்சம் ஒன்று, பார்க்கும் கோணம் ஒன்று, ஃபிரேமுக்குள் அளவு ஒன்று, அச்சிடும் சாம்பல் படிகள் கூட ஒன்று. மாறக்கூடிய எல்லாவற்றையும் பிடித்துக் கட்டிப்போட்டாகிவிட்டது. மீதி என்ன மாறுகிறது? தொட்டி மட்டும்தான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் மாறாமல் வைத்துக்கொண்டு சோதனை செய்வோமே, அதே ஒழுங்கு. இப்படி ஒரே வகைக் கட்டடங்களை ஒரே மாதிரி எடுத்துக் கட்டம் கட்டமாக மாட்டி வைப்பதைத்தான் டைப்பாலஜி என்கிறார்கள், தமிழில் வகைத்தொகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தனிப் படம் ஒரு சொல், கட்டம்தான் வாக்கியம். அதனால்தான் ஒரே ஒரு பெஹர் படத்தை மட்டும் ஃபோனில் பார்த்தவர்களுக்கு "இதுதானா" என்று தோன்றுகிறது.

தொகுப்பு என்ன சொல்லும் என்பதற்கு ஒன்றை அருகில் போய்ப் பார்ப்போம். அவர்கள் எடுத்த தண்ணீர்த் தொட்டிகள் பலவற்றில் அடிப்பாகம் விசித்திரமாக இருக்கும். தொட்டியின் வயிறு அகலம், கீழே வரவரப் புனல் போலக் குறுகி, ஒரு வளையத்தில் வந்து உட்காரும், அந்த வளையத்தைக் கால்கள் தாங்கும். வெளியிலிருந்து தெரியாத ஒன்றும் இருக்கிறது: வளையத்துக்கு உள்ளே தொட்டியின் தரை தட்டையாக இல்லாமல் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல மேல்நோக்கி வளைந்திருக்கும். இது ஜெர்மனியின் ஆகன் நகரப் பேராசிரியர் ஓட்டோ இன்ட்ஸே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்த வடிவம். தண்ணீரின் எடையால் சரிவான புனல் பகுதி வளையத்தை உள்நோக்கி நெருக்கும், நடுவில் இருக்கும் கவிழ்ந்த கிண்ணம் அதே வளையத்தை வெளிநோக்கித் தள்ளும். இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, வளையத்துக்கு மீதி இருப்பது நேர் கீழ்நோக்கிய பாரம் மட்டும். அதனால் பெரிய தொட்டியைச் சின்ன அடித்தளத்தில் நிறுத்தலாம், இரும்பும் மிச்சம். நம் ஊரில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், 'இன்ட்ஸே டேங்க்' கணக்கு போடாமல் யாரும் வெளியே வந்திருக்க மாட்டார்கள். பஸ்ஸில் போகும்போது புனல் வயிற்றோடு கான்கிரீட் தொட்டி ஒன்று கடந்து போகிறதே, அதன் மூதாதைகளைத்தான் பெஹர் தம்பதி படம் எடுத்திருக்கிறார்கள்.

சுரங்கத்தின் தூக்குக் கோபுரமும் அப்படித்தான். மேலே இரண்டு பெரிய சக்கரங்கள், அவற்றின் மேல் ஓடும் இரும்புக் கயிறு ஒரு பக்கம் நேராகக் குழிக்குள் இறங்கும், மறுபக்கம் சரிவாகப் போய் எஞ்சின் வீட்டுக்குள் நுழையும். எஞ்சின் கயிற்றை இழுக்கும்போது கோபுரத்தையே தன் பக்கம் சாய்க்கப் பார்க்கும். அதைத் தாங்கத்தான் எஞ்சின் இருக்கும் பக்கத்தில் இரண்டு சாய்வுக் கால்கள், தரையில் காலை ஊன்றிக் கயிறு இழுக்கிறவர் நிற்பது போல. இது தெரிந்துவிட்டால் படத்தில் எஞ்சின் வீடு இல்லாவிட்டாலும் அது எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லிவிடலாம். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. 2001-ல் சுரங்கம் மூடிய பிறகும் அங்கே ஷாஃப்டுகளின் மேல் இந்தக் கோபுரங்கள் பல நின்றுகொண்டிருந்தன.

ஊது உலைதான் எல்லாவற்றிலும் கடினம். மற்றக் கட்டடங்களுக்குச் சுவரும் கூரையும் இருக்கும், உலைக்கு அப்படி எதுவும் கிடையாது. சூடான காற்று உள்ளே போகும் குழாய், வாயு வெளியே வரும் குழாய், தாதுவும் கரியும் ஏறிப் போகும் சரிவு, பணியாளர் நடக்கும் படிகள் என்று குடல் வெளியே தெரிகிற மாதிரி நிற்கும். எங்கே முகம், எங்கே முதுகு என்று கண்டுபிடிக்கவே நேரம் எடுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த தொகுப்பு இவை எதுவும் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியில் 1970-களில் எடுத்த கரிச் சாய்வு மேடைகள். பெரிய கம்பெனிகள் கைவிட்ட இடங்களில் சின்னச் சின்னக் குழுக்களாகத் தோண்டிப் பிழைத்தவர்கள், கிடைத்த மரக்கட்டைகளை வைத்துத் தாங்களே அடித்துக் கட்டிய மேடைகள் அவை. குழியிலிருந்து கரி வண்டியை மேலே இழுத்து, லாரியில் கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. வரைபடம் இல்லை, பொறியாளர் இல்லை. ஒரு கால் வளைந்திருக்கிறது, அதற்கு முட்டுக் கொடுத்த கட்டை இன்னொரு அளவில் இருக்கிறது, மேலே தகரம் இழுத்துக் கட்டியிருக்கிறது. ரூர் பகுதியின் பெரிய உருக்குக் கோபுரங்களுக்குக் கொடுத்த அதே பொறுமை, அதே நேர்ப்பார்வை, அதே மந்தார வெளிச்சம் இந்த ஒட்டுப்போட்ட மேடைகளுக்கும் கிடைத்திருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். பணக்காரக் கட்டடம், ஏழைக் கட்டடம் என்ற வித்தியாசத்தை இந்த முறை ஏற்பதில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆள் இல்லை. இத்தனை ஆயிரம் படங்களில் அந்த உலைகளில் வெந்த மனிதர்கள், குழிக்குள் இறங்கியவர்கள், யாருடைய முகமும் இல்லை. கூலி, விபத்து, நுரையீரல் நோய், வேலைநிறுத்தம் எதுவும் இந்தப் படங்களிலிருந்து நமக்குத் தெரியாது. இதை வைத்து இவர்களைக் குறை சொன்னவர்கள் உண்டு, அந்தக் குறை நியாயமானதுதான் என்று நானும் நினைக்கிறேன். அதே சமயம், ஒரு மனிதர் ஃபிரேமுக்குள் வந்துவிட்டால் நம் கண் அவரை விட்டு நகராது, தொட்டி வெறும் பின்னணியாகிவிடும் என்பதும் உண்மை. தொழிலாளரின் வாழ்க்கை தெரிய வேண்டும் என்றால் வேறு வகைப் படங்களிடம் போக வேண்டும், அவற்றையும் பார்க்க வேண்டும்.

கட்டடங்கள் விஷயத்தில் இவர்களுடைய பார்வை நேரடியாகவே பலன் கொடுத்தது. டோர்ட்முண்ட் நகரின் ஓரத்தில் சோலர்ன் என்ற சுரங்கம். அதன் எஞ்சின் மண்டபம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, இரும்புச் சட்டமும் வண்ணக் கண்ணாடி பதித்த வளைவான நுழைவாயிலுமாக ஒரு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். 1960-களின் கடைசியில் அதை இடிக்கப் போகிறார்கள் என்றபோது கலைஞர்களும் கட்டடக் கலைஞர்களும் எதிர்த்தார்கள், பெஹர் தம்பதியும் அதில் இருந்தார்கள். 1969-ல் மண்டபம் பாதுகாக்கப்பட்டது. அதுவரை ஜெர்மனியில் நினைவுச்சின்னம் என்றால் தேவாலயம், கோட்டை, அரண்மனைதான்; ஒரு சுரங்கக் கட்டடம் அந்த வரிசையில் சேர்ந்தது பெரிய திருப்பம். இன்று சோலர்ன் ஓர் அருங்காட்சியகம்.

1970-ல் அவர்களுடைய முதல் பெரிய புத்தகம் வந்தது, தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பெயரற்ற சிற்பங்கள்'. யார் கட்டியது என்று தெரியாத, அழகுக்காகக் கட்டாத பொருள்களைச் சிற்பம் என்று கூப்பிட்டது அன்று துணிச்சல். இருபது ஆண்டு கழித்து, 1990-ல், வெனிஸ் பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கொடுத்தது, அதுவும் சிற்பத்துக்காக. படம் எடுத்தவர்களுக்குச் சிற்ப விருது!

1976-லிருந்து இருபது ஆண்டு பெர்ண்ட் டுசல்டோர்ஃப் கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார், பதவி அவர் பெயரில் இருந்தாலும் மாணவர்களை வளர்த்ததில் ஹில்லாவுக்கும் பங்கு உண்டு. ஆந்த்ரயாஸ் குர்ஸ்கி, தோமஸ் ஸ்ட்ரூத், தோமஸ் ரூஃப், கண்டிடா ஹோஃபர் என்ற புகைப்படக் கலைஞர்கள் எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள். ஆளில்லாத நூலகங்களையும் மண்டபங்களையும் ஹோஃபர் எடுத்த வண்ணப் படங்களைப் பார்த்தால் ஆசிரியர்களின் பொறுமை அப்படியே தெரியும். குர்ஸ்கி வேறு திசையில் போனார், பிரம்மாண்டமான அளவு, வண்ணம், கணினியில் திருத்தம். ரைன் நதியை எடுத்த அவருடைய படம் ஒன்று 2011-ல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இனி, நீங்கள் செய்து பார்ப்பதைப் பற்றி. இதற்கு ஜெர்மனியும் வேண்டாம், பெரிய கேமராவும் வேண்டாம். ஒரே வகைப் பொருளாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செங்கல் சூளைப் புகைபோக்கி, டிரான்ஸ்ஃபார்மர் மேடை, பம்புசெட் அறை, ரைஸ் மில் முகப்பு, எதுவாகவும் இருக்கலாம், ஆனால் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். குறைந்தது ஒன்பது இடங்களிலாவது கிடைக்கிற பொருளாக இருக்கட்டும். ஃபோனை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள், மேலே சாய்க்காதீர்கள். உச்சி வரவில்லை என்றால் பின்னால் போங்கள், அல்லது எதிர்வீட்டு மொட்டை மாடியைக் கேளுங்கள். தரை நிறைய வந்துவிட்டால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். கோடுகளை நேராக்கும் வசதி இப்போது பல ஆப்புகளில் இருக்கிறது, ஆனால் அதை நம்பிச் சாய்த்து எடுத்தால் மேற்பகுதி இழுபட்டு உருவம் மாறிவிடும், கொஞ்சமாக மட்டும் பயன்படுத்துங்கள். பெரிய ஆலை, துறைமுகம், மின் நிலையம் என்றால் அனுமதி வாங்காமல் போகவே போகாதீர்கள்.

நான் எடுத்தது மேல்நிலைத் தொட்டிகள். எங்கள் பகுதியில் கிராமத்துக்கு ஒன்று இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடுகிற நாட்களாகப் பார்த்துக் காலையில் வண்டியை எடுத்தேன். மழை பெய்துகொண்டிருக்கக் கூடாது, வெயிலும் வந்துவிடக் கூடாது, அந்த இடைவெளி சில நாட்களில் அரை மணி நேரம்தான். நான்காவது தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து, "டேங்க் ஒழுகுதுன்னு மனு கொடுத்திருந்தோம், அதுக்கா வந்திருக்கீங்க தம்பி?" என்று கேட்டார். இல்லை ஐயா என்று விளக்கினேன். அவர் உடனே எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று கை காட்டினார், வளையத்துக்குக் கீழே ஒரு காலில் பாசி படிந்து பச்சையாக ஒரு கோடு இறங்கியிருந்தது. அவர் சொல்லாவிட்டால் நான் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். கறுப்பு வெள்ளையில் அந்தக் கோடு ஒரு கறுத்த நாடா மாதிரி விழுந்திருக்கிறது.

பதினோரு படங்களைத் தபால் அட்டை அளவில் அச்சிட்டு வீட்டுத் தரையில் பரப்பினேன். முதலில் கால்களின் எண்ணிக்கை, அப்புறம் கொள்ளளவு எழுதிய எழுத்தின் அளவு என்று கண் போனது. பிறகுதான் ஏணியைப் பார்த்தேன். ஏழு தொட்டிகளில் ஏணி தரையைத் தொடுகிறது. நான்கில் தரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில்தான் தொடங்குகிறது, கீழ்ப் படிகளை அறுத்து எடுத்த தடம் இரண்டில் தெளிவாகத் தெரிகிறது. அந்த நான்கு தொட்டிகளின் இருப்பிடத்தை யோசித்துப் பார்த்தேன். மூன்று பள்ளிக்கூடத்தை ஒட்டி இருக்கின்றன. நான்காவது ஏன் என்று தெரியவில்லை, அடுத்த முறை மந்தாரம் போடும்போது அந்த ஊருக்குத்தான் முதலில் போகவேண்டும்.